வலி வரும்வரை காத்திருக்க வேண்டாம்: பல் நலம் பற்றிக் காவிரிப் படுகை மக்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கும்பகோணத்தைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து பல் சிகிச்சைக்கு வருபவர்கள் என்னிடம் பல ஆண்டுகளாகக் கேட்டுவரும் கேள்விகளுக்கு, சிகிச்சை நாற்காலியின் அருகே நின்றபடி அவசரத்தில் சொல்லிவந்த பதில்களை இங்கே நிதானமாக எழுதியிருக்கிறேன். இவர்களில் பெரும்பாலோர் காலையில் பல் துலக்காமல் ஒரு வாய் காபிகூடக் குடிக்காதவர்கள். அப்படிப்பட்டவர்களுக்கும் கடைவாய்ப் பற்கள் ஒவ்வொன்றாகப் போய்விடுவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

தினமும் காலையில் தவறாமல் பல் துலக்குகிறேன். பிறகும் ஏன் சொத்தை விழுகிறது?

இரவில் துலக்காததால் என்பதே பெரும்பாலும் விடை. பல்லின் மேல் எப்போதும் ஒரு மெல்லிய வழவழப்பான படலம் படிந்துகொண்டே இருக்கிறது. அதில் வாழும் நுண்ணுயிரிகள் நாம் உண்ணும் சர்க்கரையையும் மாவுச்சத்தையும் அமிலமாக மாற்றுகின்றன. வாயின் அமிலத்தன்மையைக் குறிக்கும் பிஎச் அளவு ஏறத்தாழ 5.5-க்குக் கீழே இறங்கும்போது, எனாமல் எனப்படும் பல்லின் வெளிப்புறக் கடினப் பகுதியிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரையத் தொடங்குகின்றன. பகலில் உமிழ்நீர் அந்த அமிலத்தைத் தணித்து, கரைந்த தாதுக்களில் ஒரு பகுதியைப் பல்லுக்கே திருப்பிக் கொடுக்கிறது. உறக்கத்தில் உமிழ்நீர் சுரப்பது வெகுவாகக் குறைந்துவிடுவதால் அந்தக் காவல் இருப்பதில்லை. இரவு உணவுக்குப் பின் ஒரு டம்ளர் பாலில் சர்க்கரை போட்டுக் குடித்துவிட்டு, அல்லது இருமலுக்காகப் பனங்கற்கண்டை வாயில் ஒதுக்கிக்கொண்டு படுப்பவரின் பற்கள் ஆறேழு மணி நேரம் அமிலத்திலேயே ஊறுகின்றன. காலையில் துலக்குவது வாய் நாற்றத்தைப் போக்கும். பல்லைக் காப்பது இரவில் துலக்குவதுதான். ஒரு நாளைக்கு ஒரு முறைதான் துலக்க முடியும் என்று யாராவது சொன்னால், அந்த ஒரு முறையைப் படுக்கப் போகும் நேரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள் என்றே நான் சொல்வேன். இரண்டு முறை துலக்குவதே முறை.

சரியாகத் துலக்குவது என்றால் எப்படி?

மென்மையான இழைகள் கொண்ட பிரஷ்ஷை ஈறும் பல்லும் சேரும் இடத்தில் சாய்வாக வைத்து, அழுத்தாமல் சிறு சிறு வட்டங்களாக அசைத்து, வெளிப்பக்கம், உட்பக்கம், மெல்லும் பக்கம் என மூன்றையும் இரண்டு நிமிடங்களுக்குத் துலக்க வேண்டும். பாத்திரம் தேய்ப்பதைப் போலக் குறுக்காக அழுத்தித் தேய்ப்பவர்களுக்கு ஈறு கீழிறங்கி, பல்லின் கழுத்துப் பகுதியில் பள்ளம் விழுந்து, பின்னாளில் குளிர்ந்த தண்ணீர் பட்டாலே கூசத் தொடங்கும். கீழ்வரிசை முன்பற்களின் உட்பக்கம் பலரும் மறந்துவிடும் இடம். படலம் கெட்டியாகி உண்டாகும் காரை முதலில் படிவதும் அங்கேதான். துலக்கி முடித்தபின் நுரையைத் துப்பிவிட்டு, பலமுறை கொப்பளிக்காமல் விட்டால் பேஸ்ட்டில் உள்ள ஃப்ளூரைடு சற்று நேரம் பல்லில் தங்கி வேலை செய்யும். பிரஷ்ஷை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றவும். பல்லிடுக்கில் சிக்கியதை ஊக்கு, ஈர்க்குச்சி, தீக்குச்சி கொண்டு குத்தி எடுக்க வேண்டாம்; அதற்கென மருந்துக்கடையில் விற்கும் பல்லிடை நூலையோ சிறு பிரஷ்ஷையோ வாங்கிக்கொள்ளுங்கள்.

எங்கள் தாத்தா உமிக்கரியில்தான் பல் துலக்கினார். எண்பது வயதிலும் முறுக்குக் கடித்தார். 'ஆலும் வேலும் பல்லுக்குறுதி' என்பது பொய்யா?

பொய்யில்லை, அந்தக் காலத்துக்கு அது நல்ல வழியாகவே இருந்தது. வேலங்குச்சியையோ ஆலங்குச்சியையோ நுனியை மென்று இழைகளாக்கிப் பொறுமையாகத் தேய்ப்பவருக்குப் பல்லின் மேல் படலம் தங்காது. ஆனால் குச்சி கடைவாயின் உட்பக்கத்துக்கு எளிதில் எட்டாது, அதில் ஃப்ளூரைடும் இல்லை. உங்கள் தாத்தா ஒரு நாளைக்கு எத்தனை முறை சர்க்கரை போட்ட காபி குடித்தார், எத்தனை பிஸ்கட் தின்றார் என்பதையும் சேர்த்துத்தான் அவருடைய பல்லை நம் பல்லோடு ஒப்பிட வேண்டும்.

உமிக்கரியின் கதை வேறு. நெல் விளையும் இந்த மண்ணில் உமிக்குப் பஞ்சமில்லை. ஆனால் உமியில் சிலிக்கா மிகுதி. அதை எரித்த கரியில் உப்பைச் சேர்த்து விரலால் அழுத்தித் தேய்க்கும்போது பல் வெளுப்பது உண்மைதான். கறையோடு எனாமலும் சிறிது சிறிதாகத் தேய்ந்துபோவதும் உண்மைதான். எனாமல் ஒருமுறை தேய்ந்தால் மீண்டும் வளராது. செங்கல் பொடிக்கும் இதுவே பொருந்தும். சில பொடிகளில் முன்பு புகையிலை கலக்கப்பட்டது; பல்பொடியிலும் பற்பசையிலும் புகையிலை சேர்ப்பதை இந்திய அரசு 1992-இல் தடை செய்தது. உறையில் என்னென்ன சேர்ந்துள்ளன என்று அச்சிடாத பொடி எதையும் வாங்க வேண்டாம்.

ஃப்ளூரைடு விஷம் என்கிறார்களே?

குடிநீரில் அளவுக்கு மீறி இருந்தால் கெடுதல் செய்யும். தருமபுரி, சேலம் பகுதிகளின் சில ஊர்களில் நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு மிகுந்திருப்பதால் பற்களில் பழுப்புத் திட்டுகள் தோன்றுவதை நாம் அறிவோம். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம். மாற்று நீர் கிடைக்காத நிலையில் 1.5 மில்லிகிராம் வரை ஏற்கப்படுகிறது. பேஸ்ட்டில் இருப்பது விழுங்குவதற்கானதன்று, பல்லின் மேற்பரப்பில் பட்டு எனாமலை அமிலத்துக்கு ஈடுகொடுக்கச் செய்வதற்கானது. ஏறத்தாழ 1000 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு) ஃப்ளூரைடு உள்ள பேஸ்ட் பெரியவர்களுக்குப் போதும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஓர் அரிசி அளவும், மூன்று முதல் ஆறு வயது வரை ஒரு பட்டாணி அளவும் போதும். விளம்பரத்தில் காட்டுவதுபோல் பிரஷ் முழுவதும் பிதுக்கிக் கொடுக்கக் கூடாது.

வெள்ளைச் சர்க்கரையை நிறுத்திவிட்டு நாட்டுச் சர்க்கரையும் கருப்பட்டியும்தான் சேர்க்கிறோம். பல்லுக்கு நல்லதுதானே?

பல்லில் வாழும் நுண்ணுயிரிகளுக்கு இந்த வேறுபாடு தெரியாது. வெல்லம், கருப்பட்டி, தேன் எல்லாமே அவற்றுக்கு உணவு. அளவைக் காட்டிலும் எத்தனை முறை என்பதே முக்கியம். ஒவ்வொரு முறை இனிப்புச் சாப்பிட்ட பிறகும் வாய் பழைய நிலைக்குத் திரும்ப அரை மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். கல்யாண வீட்டில் சாப்பாட்டோடு சேர்த்து இரண்டு கரண்டி அசோகா அல்வா சாப்பிடுபவரைவிட, கடையில் உட்கார்ந்து மணிக்கொரு முறை அரை டம்ளர் காபி குடிப்பவருக்கே சொத்தை விழும் வாய்ப்பு அதிகம். இனிப்பைச் சாப்பாட்டு நேரத்தோடு சேர்த்துக்கொள்ளுங்கள். இடையில் குடிக்கும் காபியில் சர்க்கரையைக் குறையுங்கள். குடித்தபின் ஒரு மடக்குத் தண்ணீரால் கொப்பளியுங்கள். பொங்கலுக்குக் கரும்பு கடித்தால் பல் சுத்தமாகும் என்பதும் சரியன்று. நார் தேய்த்துச் செல்லும் இடத்தில் சாறு தங்கிவிடும்.

புகையிலை போடுவதில்லை, வெற்றிலைச் சீவல் மட்டும்தான். அதனால் என்ன கெடுதல்?

எனக்கு மிகுந்த கவலை தரும் கேள்வி இது. கும்பகோணத்துக் கொழுந்து வெற்றிலைக்கு 2025-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது நானும் மகிழ்ந்தேன். காவிரிக் கரையின் கொடிக்கால்கள் எத்தனையோ குடும்பங்களின் பிழைப்பு. வெற்றிலை தாம்பூலத்தில் இருக்கட்டும், வரவேற்பில் இருக்கட்டும், பூசையில் இருக்கட்டும். கெடுதலின் வேர் இலையில் இல்லை, பாக்கில் இருக்கிறது.

உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வெளியிட்ட மதிப்பீட்டில், புகையிலை சேர்க்காத வெற்றிலைப்பாக்கும், ஏன் பாக்கு மட்டுமேகூட, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைக்கப்பட்டது. 'புகையிலை இல்லையே' என்ற ஆறுதலுக்கு அதன்பிறகு இடமில்லை. பாக்கில் உள்ள அரிகோலின் என்ற பொருள் கன்னத்தின் உட்புறத் தசையில் நார்த்திசுவை மிகுதியாக வளரச் செய்கிறது. முதலில் காரம் பட்டால் வாய் எரியும். பிறகு கன்னத்தின் உட்பக்கம் வெளிறி, தடவிப் பார்த்தால் கயிறு போலத் திரண்டிருக்கும். அதன்பின் வாய் திறப்பது நாளுக்கு நாள் குறையும். உங்கள் கையின் மூன்று விரல்களைச் செங்குத்தாக அடுக்கி மேல், கீழ் முன்பற்களுக்கு இடையே நுழைத்துப் பாருங்கள். நுழையவில்லை என்றால் காத்திருக்காமல் வாருங்கள். இறுகிய திசுவைப் பழைய நிலைக்கு முழுமையாகக் கொண்டுவரும் மருந்து இல்லை. பாக்கை நிறுத்தினால் மேலும் இறுகுவதைத் தடுக்கவும், பயிற்சியாலும் ஊசியாலும் ஓரளவு தளர்த்தவும் முடியும். அந்த இறுக்கம் உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்குப் பின்னாளில் புற்றுநோய் தோன்றுகிறது என்பதால் தொடர்ந்து பரிசோதித்துவர வேண்டும்.

இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு வாய் வெற்றிலை போட்டு, அதைக் கன்னத்தில் அதக்கியபடியே கயிற்றுக் கட்டிலில் படுத்து உறங்கிவிடும் வழக்கம் நம் ஊர்ப் பெரியவர்களிடம் உண்டு. வயலில் நடவுக்கும் களையெடுக்கவும் போகும் பெண்கள் பசி தெரியாமல் இருப்பதற்காக அதக்குவதும் உண்டு. அவர்களை நான் குறை சொல்லவில்லை. பசிக்கு ஒரு வழி தேவைப்பட்டது, அவர்களுக்குக் கிடைத்தது இது. ஆயினும் ஒரே இடத்தில் மணிக்கணக்காகப் பாக்கும் சுண்ணாம்பும் அழுந்தியிருப்பதே மிகப் பெரிய தீங்கு. இன்றே முழுவதும் விட முடியாதவர்கள் முதலில் இரவு அதக்குவதை விடுங்கள். பிறகு பாக்கைக் குறைத்து நிறுத்துங்கள். வாயில் வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு வாரத்தில் ஆறாத புண் என எது தென்பட்டாலும், வலி இல்லாவிட்டாலும், உடனே காட்ட வேண்டும். வாய்ப் புற்றுநோய் தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை.

நாகஸ்வரம் வாசிக்கிறேன். முன்பல் ஆடுகிறது. எடுத்துவிட்டால் வாசிக்க முடியுமா?

நரசிங்கம்பேட்டையில் நாகஸ்வரம் செய்யும் இந்தப் பகுதியில் இக்கேள்வி வருவது இயல்பே. வாத்தியத்தின் ஊதும் முனையான சீவாளியை உதடுகள் பிடிக்கின்றன; உதடுகளுக்குப் பின்னால் நின்று தாங்குவது முன்பற்கள். அவற்றின் நீளமும் சாய்வும் சிறிது மாறினாலும் காற்றின் கட்டுப்பாடு மாறிவிடும். ஆகவே பல் ஆடத் தொடங்கியவுடன், அது விழும்வரை காத்திராமல், ஈறு நோய்க்குச் சிகிச்சை எடுங்கள். பல நேரங்களில் அந்தப் பல்லைக் காப்பாற்றிவிடலாம். காப்பாற்ற முடியாத நிலையென்றால், சொந்தப் பல் இருக்கும்போதே அச்சு எடுத்து வைக்கும்படி மருத்துவரிடம் கேளுங்கள். புதிய பல்லைப் பழைய பல்லின் வடிவத்திலேயே அமைக்க அது உதவும். சோதித்துப் பார்க்க வரும் நாளில் வாத்தியத்தையும் எடுத்து வாருங்கள்.

பல்லில் புழு இருக்கிறது என்று எங்கள் ஊரில் புகை காட்டி எடுத்தார்கள். நான் கண்ணால் பார்த்தேன்.

நீங்கள் கண்டது பொய்யென்று சொல்லவில்லை. கண்டங்கத்திரி விதையைச் சுட்டுப் புகை பிடிக்கும்போது விதைக்குள்ளிருந்து வெளிப்படும் வெண்ணிறத் துணுக்குகள் புழுவைப் போலவே இருக்கும். பல்லுக்குள் புழு கிடையாது. புகைக்குப் பின் வலி நின்றதாகத் தோன்றினால், பல்லின் உள்ளே இருக்கும் நரம்பு செத்துப்போயிருக்கலாம். அப்போது வலி நிற்கும், சீழ் வளரும். நரம்பை எட்டாத சொத்தையை ஒரே அமர்வில் அடைத்துவிடலாம். நரம்பை எட்டிய சொத்தைக்கு வேர் சிகிச்சை வேண்டும். அதற்கு நேரமும் பணமும் பன்மடங்கு. முகம் வீங்கி, காய்ச்சலும் வந்து, விழுங்கவோ மூச்சு விடவோ சிரமம் ஏற்பட்டால் அது அவசர நிலை. பல் மருத்துவரைத் தேடாமல் நேரே பெரிய மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வலிக்கும் பல்லின் அருகே ஆஸ்பிரின் மாத்திரையை வைத்துக்கொள்வது ஈறைப் பொசுக்கிவிடும். கிராம்புத் தைலம் சிறிது நேரம் வலியை மரக்கச் செய்யும், அவ்வளவே.

துலக்கும்போது ஈறில் ரத்தம் வருகிறது. அந்த இடத்தைத் தொடாமல் விடலாமா? கிளீனிங் செய்தால் பல் ஆடும் என்கிறார்களே?

தொடாமல் விட்டால் ரத்தம் கூடும். ஈறின் ஓரத்தில் படலம் தங்கியிருப்பதால்தான் ஈறு வீங்கிக் கசிகிறது. மென்மையாகத் தொடர்ந்து துலக்கினால் ஓரிரு வாரத்தில் குறையத் தொடங்கும். படலம் கெட்டியாகிக் காரையாகிவிட்டால் பிரஷ்ஷால் போகாது, கருவியால்தான் அகற்ற வேண்டும். நீண்ட காலம் காரை படிந்த வாயில் பல்லைத் தாங்கும் எலும்பு ஏற்கெனவே கரைந்திருக்கும். பற்களுக்கு இடையே கல்போல இறுகியிருந்த காரையை எடுத்ததும் அந்த ஆட்டம் வெளியே தெரிகிறது. ஆட வைத்தது காரை, கிளீனிங் அன்று.

சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறேன். பல்லுக்கும் அதற்கும் தொடர்பு உண்டா?

இருவழித் தொடர்பு உண்டு. ரத்தத்தில் சர்க்கரை கட்டுப்படாதவருக்கு ஈறு நோய் வேகமாக முற்றுகிறது. முற்றிய ஈறு நோய் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதைக் கடினமாக்குகிறது. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வந்துவிடுவது பெரிய உதவி. ஆயினும் வாயைப் பரிசோதிக்க நீங்கள்தான் வர வேண்டும். வரும்போது மாத்திரைச் சீட்டைக் கொண்டு வாருங்கள். ரத்தக் கொதிப்புக்கான சில மாத்திரைகளாலும் வலிப்புக்கான ஃபெனிட்டோயினாலும் ஈறு தடித்து வளரலாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள், பல் பிடுங்குவதற்காக அதைத் தாமாகவே நிறுத்தக் கூடாது. இதய மருத்துவரையும் பல் மருத்துவரையும் கேட்டே முடிவெடுக்க வேண்டும்.

கர்ப்பகாலத்தில் பல் வைத்தியம் செய்யக் கூடாதாமே?

செய்யலாம். நான்காம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை மிகவும் ஏற்ற காலம்; ஆகவே ஏழாம் மாதத்தில் வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்குப் போகும்வரை தள்ளிப்போடாமல் அதற்கு முன்பே காட்டிவிடுங்கள். கடும் வலியோ வீக்கமோ இருந்தால் எந்த மாதத்திலும் சிகிச்சை பெறலாம். கர்ப்பிணி என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் தாய்க்கு ஒரு பல் போகும் என்பதும், தாயின் பல்லிலிருந்து குழந்தை சத்தை உறிஞ்சுகிறது என்பதும் தவறு. வாந்தியின் அமிலமும், அந்த மாதங்களில் எளிதில் வீங்கும் ஈறுமே காரணங்கள். வாந்தி எடுத்தவுடன் துலக்காமல், தண்ணீரால் கொப்பளித்துவிட்டு அரை மணி நேரம் கழித்துத் துலக்குங்கள்.

பால் பல் விழப்போகிற பல்தானே?

இருபது பால் பற்களில் கடைசியாக விழும் கடைவாய்ப் பல் பதினொரு, பன்னிரண்டு வயது வரை இருக்க வேண்டியது. அது சொத்தையால் முன்கூட்டியே போனால் பக்கத்துப் பற்கள் அந்த இடத்தில் சரிந்து, நிலையான பல் கோணலாக முளைக்கும். ஆறு வயதில் எந்தப் பல்லும் விழாமலே, கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் முதல் நிலையான கடைவாய்ப் பல் முளைக்கிறது. பெற்றோர் பலர் அதையும் பால் பல் என்றே நினைத்துவிடுகிறார்கள். அதன் ஆழமான பிளவுகளை மருத்துவர் பூசும் மூடுபொருளால் அடைத்துவிட்டால் சொத்தை வெகுவாகக் குறையும். பால் புட்டியை வாயில் வைத்தபடி குழந்தையைத் தூங்க விட வேண்டாம். எட்டு வயது வரையாவது இரவில் நீங்களே துலக்கிவிடுங்கள்.

எத்தனை மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை? எங்கே போவது?

பொதுவாக ஆறு மாதம். சொத்தையும் ஈறு நோயும் இல்லாதவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறைகூடப் போதும். பாக்கு, புகையிலைப் பழக்கமோ சர்க்கரை நோயோ உள்ளவர்கள் ஆறு மாதத்தைத் தாண்டக் கூடாது. 'நடவு முடியட்டும்', 'அறுப்பு முடியட்டும்' என்று தள்ளிப்போவதைப் பார்த்துப் பார்த்து, நான் இங்குள்ள உழவர்களுக்கு ஒரு கணக்குச் சொல்வதுண்டு: மேட்டூரில் வழக்கமாகத் தண்ணீர் திறக்கும் ஜூன் 12-க்கு முன் ஒருமுறை, சம்பா அறுவடை முடிந்ததும் ஒருமுறை. இடைவெளி சரியாக ஆறு மாதமாக அமையாவிட்டாலும் நினைவில் நிற்கிறது. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மாவட்ட அரசு மருத்துவமனைகளிலும் பல் மருத்துவப் பிரிவு உண்டு. சிதம்பரத்திலும் புதுக்கோட்டையிலும் அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன.

மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போகுமா?

போகாது. மேல் பற்களுக்கான நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு.

பல் செட் போட்டவருக்கும் பரிசோதனை தேவையா?

தேவை. செட்டை இரவில் கழற்றிக் கழுவித் தண்ணீரில் போட்டு வையுங்கள். ஈறையும் நாக்கையும் ஈரத் துணியால் துடையுங்கள். தளர்ந்த செட் ஒரே இடத்தில் உரசிப் புண்ணாக்கும். அந்தப் புண்ணை அலட்சியப்படுத்தக் கூடாது.

விளையாடும்போது பிள்ளையின் முன்பல் வேரோடு விழுந்துவிட்டது. என்ன செய்வது?

நிலையான பல் என்றால் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். வேரைத் தொடாமல் மேல்பகுதியைப் பிடித்து எடுங்கள். அழுக்கு இருந்தால் பாலிலோ சுத்தமான தண்ணீரிலோ ஒரு சில நொடி அலசுங்கள். தேய்க்க வேண்டாம், துணியில் சுற்றவும் வேண்டாம். முடிந்தால் அதே குழியில் மெதுவாகப் பொருத்தி, பிள்ளையை ஒரு கைக்குட்டையைக் கடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். முடியாவிட்டால் சர்க்கரை கலக்காத ஆறிய பாலில் பல்லைப் போட்டு, முப்பது நிமிடத்துக்குள், தாமதமானால் ஒரு மணி நேரத்துக்குள்ளாவது, மருத்துவரிடம் கொண்டு சேருங்கள். பால் பல்லாக இருந்தால் குழியில் திரும்ப வைக்கக் கூடாது. பிள்ளையை மட்டும் அழைத்து வாருங்கள். எந்தப் பல் என்று உறுதியாகத் தெரியாவிட்டால் பொருத்த முயலாமல், பாலில் போட்டு எடுத்து வாருங்கள்.